வண்டி ஓடுது... பேட்டரி ஏறலையே!

கேம்பர்வேன் என்றால் வேனுக்குள் ஒரு சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், விளக்குகள், குளிருக்கு ஹீட்டர் என்று எல்லாம் உள்ளேயே இருக்கும். பிரிட்டனில் விடுமுறை விட்டால் பல குடும்பங்கள் இதில்தான் கிளம்பும். இந்த வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய. இன்னொன்று வீட்டுப் பகுதிக்கு. இதற்கு லீஷர் பேட்டரி என்று பெயர். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் சார்ஜ் செய்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் மூன்று மணி நேரம் ஓட்டிப் போய் நிறுத்திப் பார்த்தால், லீஷர் பேட்டரி காலையில் இருந்த அதே 12.1 வோல்ட்டில் நிற்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "பேட்டரி போச்சு, புதுசு போடுங்க." இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டர் இதழில் வேன் பேட்டரிக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் லீஷர் பேட்டரி ஏறாமல் இருப்பதற்குக் காரணம் பேட்டரியும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. ஒரு சாஃப்ட்வேர் எடுக்கும் முடிவு!

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் ரொம்ப நேர்மையானது. எஞ்சின் ஓடினால் 14.2 முதல் 14.4 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றால் ஸ்டார்ட்டர் பேட்டரியின் வோல்டேஜ் கொஞ்ச நேரத்தில் 12.7க்கு இறங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு கெட்டிக்காரத்தனமான ரிலேயைச் செய்தார்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியில் சுமார் 13.3 வோல்ட் தெரிந்தால் "எஞ்சின் ஓடுகிறது" என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும். 12.8க்குக் கீழே போனால் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கு எரித்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். மலிவு, எளிமை, மாட்டுவதும் சுலபம். ஆயிரக்கணக்கான வேன்களில் இன்றும் இதுதான் இருக்கிறது.

கவனியுங்கள், அந்த ரிலேவுக்கு எஞ்சின் ஓடுகிறதா என்று தெரியாது. வோல்டேஜைப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய ஆபத்து. வேறொருவருடைய வலைப்பக்கத்தில் மூன்றாவது வரியில்தான் விலை இருக்கும் என்று நம்பி ஒரு புரோகிராம் எழுதுகிறோம். அது பல வருடம் ஓடும். ஒருநாள் அவர்கள் பக்கத்தை மாற்றி அமைத்தால் நம் புரோகிராம் படுத்துவிடும். அவர்கள் மீது தப்பில்லை. அந்த வரியில் விலை இருக்கும் என்று நமக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே!

வேன்களிலும் அதுதான் நடந்தது. ஐரோப்பிய யூனியன் புதிய வண்டிகளின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு வரம்பு கொண்டுவந்தது. கார்களுக்கு 2009ல், வேன்களுக்கு 2011ல் சட்டம். ஒவ்வொரு கிராமையும் எப்படிக் குறைப்பது என்று கம்பெனிகள் தேட ஆரம்பித்தன. ஆல்டர்னேட்டரைச் சுழற்றவும் டீசல் செலவாகிறது இல்லையா? தேவையில்லாதபோது அதன் வேலையைக் குறைத்து, டிரைவர் காலை எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் வீணாகப் போகும் சக்தியில் சார்ஜ் செய்தால் என்ன? இப்படி வந்ததுதான் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர்.

எஞ்சின் கம்ப்யூட்டர் லின் என்ற சின்ன நெட்வொர்க் வழியாக ஆல்டர்னேட்டருக்கு "இப்போது இத்தனை வோல்ட் போதும்" என்று உத்தரவு போடுகிறது. (அதன் வேகம் விநாடிக்கு அதிகபட்சம் 20 கிலோபிட். நம் பழைய டயல்-அப் மோடமே பரவாயில்லை!) சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 15 வோல்ட் வரை தூக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியை வேண்டுமென்றே 80 சதவீத அளவில் வைத்திருக்கும். பிரேக் போடும்போது வருகிற சக்தியை வாங்க இடம் வேண்டுமே!

இப்போது நம் ரிலேயை நினைத்துப் பாருங்கள். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கிறது. ரிலேவுக்குத் தெரிவது 12.5 வோல்ட். "ஓ, எஞ்சின் நின்றுவிட்டது" என்று முடிவு செய்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வண்டி சரி, ரிலே சரி, பேட்டரியும் சரி. சார்ஜ் மட்டும் ஏறாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "யூரோ 6 வண்டி என்றால் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர்தான்" என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். யூரோ 5, யூரோ 6 என்பவை புகை பற்றிய விதிகள். புதிய கார் மாடல்களுக்கு 2009 செப்டம்பரிலும் 2014 செப்டம்பரிலும் அமலுக்கு வந்தன. பெரிய வேன்களுக்கு ஓராண்டு தள்ளி. ஆல்டர்னேட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை. காலம் ஒத்துப்போனதால் இரண்டும் ஒன்றாகப் பேசப்படுகின்றன. யூரோ 5 வண்டியிலும் ஸ்மார்ட் இருக்கலாம், யூரோ 6 வண்டியில் பழைய வகையும் இருக்கலாம். வருடத்தைப் பார்த்து முடிவு செய்வதும் ரிலே செய்கிற அதே ஊகம்தான். அளந்து பாருங்கள்.

எப்படி அளப்பது?

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டி மீட்டர் போதும். முதலில் லீஷர் பேட்டரியிலிருந்து எதுவும் எடுக்காமலும் எதுவும் ஏற்றாமலும் சில மணி நேரம் விடுங்கள். பிறகு அளவு எடுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 12.7 நிறைவு, 12.2 பாதி, 11.8 காலி. இது தோராயக் கணக்கு. சார்ஜரைக் கழற்றிய உடனே பார்த்தால் 13 என்று காட்டி ஏமாற்றும், அதை நம்பாதீர்கள். சுவரில் பதித்த கண்ட்ரோல் பேனலையும் நம்பாதீர்கள். பேட்டரியின் இரண்டு முனைகளில் நேராக மீட்டரை வையுங்கள்.

அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதலில் ஸ்டார்ட்டர் பேட்டரியிலும் பிறகு லீஷர் பேட்டரியிலும் பாருங்கள். இந்த இரண்டு எண்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட்டரில் 14.3, லீஷரில் 12.2, அசையவே இல்லை என்றால் நடுவில் பாதை அறுந்திருக்கிறது. ஃப்யூஸ், ரிலே, வயர், எர்த் இந்த நான்கில் ஒன்று. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது வேலைக்கு ஆகாது. மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பு முனையை ஃப்யூஸின் ஒரு பக்கத்திலும் மறு பக்கத்திலும் மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் 14.3, மறுபக்கம் 12.2 என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அப்படியே ரிலேயின் இரண்டு பெரிய முனைகளிலும் பாருங்கள். பழைய வண்டியில் ரிலே வோல்டேஜைப் பார்க்காமல், டேஷ்போர்டு பேட்டரி விளக்குக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயரைப் பார்த்து வேலை செய்வதும் உண்டு. அந்த மெல்லிய வயர் அறுந்தாலும் ரிலே தூங்கிவிடும்.

ஸ்டார்ட்டரில் 14.3, லீஷரில் 13.1 என்றால் ஏதோ போகிறது, ஆனால் வழியில் தொலைகிறது. 5 மீட்டர் நீளத்துக்கு 6 சதுர மி.மீ. செம்பு வயரில் 30 ஆம்பியர் போனால் வயரிலேயே 0.4 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.16 வோல்ட்தான். வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜையும் இதே வயரிலிருந்து ஓட்டினால் கேட்கவே வேண்டாம். கேஸிலும் கரண்டிலும் ஓடும் வகை ஃபிரிட்ஜ் 10 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். ஆனால் அவசரப்பட வேண்டாம். ரொம்பக் காலியான பேட்டரி, நிறைய கரண்ட் வாங்கும்போது கொஞ்ச நேரம் வோல்டேஜைக் கீழேயே இழுத்து வைத்திருக்கும். அதனால் எத்தனை ஆம்பியர் போகிறது என்றும் பார்த்துவிட வேண்டும். அதற்கு கிளாம்ப் மீட்டர் தேவை. வாங்கும்போது டிசி கரண்ட் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். வேனில் சுழியத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகை, ஸ்டார்ட்டர் பேட்டரியிலேயே 12.5 தான் தெரிகிறது. ஆல்டர்னேட்டர் செத்திருக்கலாம், அல்லது ஸ்மார்ட்டாக இருக்கலாம். செத்திருந்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். இதை நிறுத்தி வைத்த வண்டியில் முடிவு செய்ய முடியாது. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இன்னொருவர் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட் மீட்டர் இதற்குப் போதும். வேகம் கூட்டும்போது, காலை எடுக்கும்போது, ஹெட்லைட் போடும்போது எண் எப்படித் தாவுகிறது என்று பாருங்கள். 12.5க்கும் 14.9க்கும் இடையே ஊஞ்சல் ஆடினால் சந்தேகமே வேண்டாம், ஸ்மார்ட்தான்.

எங்கள் டீமில் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒருவர், 2017ல் வந்த வேனை கேம்பராக மாற்றியவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். சார்ஜ் ஏறவில்லை. ஒரு கடையில் லீஷர் பேட்டரியை மாற்றினார்கள். ஏறவில்லை. ரிலேயை மாற்றினார்கள். அப்போதும் ஏறவில்லை. மூன்றாவதாக "ஆல்டர்னேட்டரை மாத்திப் பார்ப்போம்" என்று சொன்னபோதுதான் வேலை நேரத்துக்கு நடுவே என்னிடம் புலம்பினார். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். மீட்டரின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நெடுஞ்சாலையில் 12.6, இறக்கத்தில் 14.8, மறுபடி 12.6. சீட்டுக்கு அடியில் ரிலே டக், டக் என்று சத்தம் போடுகிறது என்று அந்த அம்மா சொன்னார். புதிய பேட்டரிக்கும் புதிய ரிலேவுக்கும் கொடுத்த பணத்தில், உண்மையில் தேவைப்பட்ட பொருளின் பெரும்பகுதியை வாங்கியிருக்கலாம்.

அந்தப் பொருள், டிசி-டிசி சார்ஜர். ரிலே வெறும் கதவு. வருவதை அப்படியே விடும். இது உள்ளே 12.5 வந்தாலும் 14.9 வந்தாலும், லீஷர் பேட்டரிக்கு எது தேவையோ அந்த வோல்டேஜை உண்டாக்கி படிப்படியாக ஏற்றும். விலை ரிலேயைவிடப் பல மடங்கு. ஆனால் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டிக்கு இதைத் தவிர ஒழுங்கான வழி இல்லை என்பது என் கருத்து. ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டினால் வோல்டேஜ் இறங்காது என்று சிலர் தந்திரம் சொல்வார்கள். பல வண்டிகளில் அது பலிக்கும். ஆனால் இதுவும் இன்னொரு ஊகம்தானே? அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் கம்பெனி அதை மாற்றினால் மறுபடி முதல் படி.

டிசி-டிசி சார்ஜர் மாட்டும்போது ஒன்றை வலியுறுத்துவேன். இந்தச் சார்ஜர்களில் சிலவும் வோல்டேஜைப் பார்த்துத்தான் எஞ்சின் ஓடுவதை ஊகிக்கும். அந்த செட்டிங்கை நிறுத்திவிட்டு, சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் இக்னிஷன் வயர் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஊகம் வேண்டாம், நேரடித் தகவல் கொடுங்கள். ஒரு வயர் கூடுதலாக இழுக்கும் சோம்பலில்தான் பாதிப் பேர் அதே பள்ளத்தில் மறுபடி விழுகிறார்கள்.

30 ஆம்பியர் சார்ஜர் என்றால் உள்ளே 35 முதல் 40 ஆம்பியர் வரை இழுக்கும். வயரையும் ஃப்யூஸையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃப்யூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், இரண்டுமே பேட்டரிகள் அல்லவா? ஒரு பக்கம் மட்டும் போட்டால், வயர் நடுவில் பாடியில் உரசினால் மறுபக்கப் பேட்டரி தீ வைத்துவிடும்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஸ்மார்ட் வண்டிகளில் ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சின்னப் பெட்டி தொற்றிக்கொண்டிருக்கும். போகும் வரும் கரண்ட், வோல்டேஜ், வெப்பம் மூன்றையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. லீஷர் பக்கத்து எர்த் வயரை அந்தப் பெட்டியைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் மாட்டினால், அதில் போகும் கரண்ட் கணக்கில் வராது. கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கும். எர்த்தை வண்டியின் பாடியில் உள்ள எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். நம் நண்பரின் வேனில் இதையும் தப்பாகத்தான் மாட்டியிருந்தார்கள். சரி செய்த பிறகு, வாங்கிய நாளிலிருந்து வேலை செய்யாத ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி தானாகவே உயிர் பெற்றது!

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. கேம்பர்களில் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பல பேட்டரிகளில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை மறுத்துவிடும். ஸ்காட்லாந்தில் ஜனவரி காலையில் "ஏறவில்லை" என்றால் அது கோளாறு அல்ல, வேன் சூடாகட்டும். இன்னொன்று, இந்தப் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட் காட்டும். பழைய வோல்டேஜ் ரிலேயோடு சேர்த்தால், எஞ்சின் நின்ற பிறகும் அது இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். லெட்-ஆசிட்டைக் கழற்றி அதே இடத்தில் லித்தியத்தை வைத்து "அவ்வளவுதான் சார்" என்று அனுப்பும் கடைகளை நான் மன்னிக்க மாட்டேன்.

இது வெறும் வசதிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். டீசல் ஹீட்டர் பற்றவைக்கும்போது சுமார் 10 ஆம்பியர் கேட்கும். அணைத்த பிறகும் தன்னைக் குளிர வைக்கச் சில நிமிடம் ஃபேனை ஓட்ட வேண்டும். பேட்டரி காலியானால் உறைபனி ராத்திரியில் ஹீட்டர் பற்றாது. இந்தப் பயத்தில் சிலர் ரிலேயைத் தூக்கிவிட்டு இரண்டு பேட்டரிகளையும் ஒரு வயரால் நிரந்தரமாக இணைத்துவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும், உண்மைதான். ஆனால் ராத்திரி இரண்டும் சேர்ந்தே காலியாகும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் ஒரு பங்கு அந்த வயர் வழியாகப் பாயும். ஃப்யூஸ் இல்லை என்றால் வயர் சிவக்கும். தூங்கும் இடத்துக்குக் கீழே இதைச் செய்வது தற்கொலைக்குச் சமம்.

நம் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதில் பாதி பொருந்தும். அதுவும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான். "பேக்கப் வரலை" என்றதும் புதுப் பேட்டரி விலை சொல்பவரிடம், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சைச் சுத்தம் செய்துவிட்டு, சார்ஜ் ஆகும்போது இன்வெர்ட்டர் முனையில் எத்தனை வோல்ட், பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண் கேளுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் முதலில் வயரையும் லக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேன் கம்பெனிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. காரில் ஸ்பீக்கர் எத்தனை என்று பளபளக்கும் தாளில் அச்சடிப்பவர்கள், ஆல்டர்னேட்டர் ஸ்மார்ட்டா இல்லையா என்பதை ஒரு வரியில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வேனை வீடாக மாற்றித் தருபவர்கள் அதைவிட மோசம். அழகான மரவேலைக்குப் பின்னால் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருப்பதில்லை. எங்கள் தொழிலில் இப்படி ஆவணம் இல்லாத கோடை ஒப்படைத்தால் அடுத்து வருபவர் திட்டித் தீர்ப்பார். கேம்பர் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளட்டும்: ஃப்யூஸ்கள் எங்கே இருக்கின்றன, அவற்றின் அளவு என்ன, லீஷர் சார்ஜரை எது ஆன் செய்கிறது, எர்த் எந்த போல்ட்டில் இருக்கிறது. ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது.